சிவகாசி ரோட்டில் ரெண்டு சீமை இதயம்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொசுவத்தி சுத்துற பதிவுதான். ஆனா நடுவுல கொஞ்சம் வரலாறு இருக்கு, கொஞ்சம் கணக்கு இருக்கு, கடைசியில ஒரு பாவமன்னிப்பும் இருக்கு. பொறுமையா படிங்க.

போன மாசம் மாமா பையன் சிவகாசியிலேர்ந்து போன் பண்ணான். "அத்தான், அச்சாபீஸ் ஷெட்டை இடிச்சிட்டு புது மிஷின் இறக்கப் போறோம். அப்பாவோட காரை என்ன செய்யன்னு நீங்கதான் சொல்லணும். இரும்புக்கடைக்காரர் எடைக்கு முப்பத்தஞ்சாயிரம் தர்றேங்கிறார். ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுங்க."

மாமா இப்ப இல்லை. அத்தையும் "அவனையே கேளு"ன்னுட்டாங்களாம். ஏன் என்னைக் கேக்கணும்? காரணம் இருக்கு. வரிசையா வர்றேன்.

அந்தக் கார் ஒரு ஸ்டாண்டர்ட் 2000. 1986 மாடல். பேரைக் கேட்டதும் பாதிப் பேர் "அப்படி ஒரு காரா?"ன்னு கேப்பீங்க. எதிர்வீட்டுல பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி வெச்சிருந்ததோ கான்டெஸா. அதை எல்லாருக்கும் தெரியும். தொண்ணூறுகள்ல எங்க தெருவுல இந்த ரெண்டு காரும்தான் ரஜினி - கமல். ரெண்டுமே செகண்ட் ஹேண்ட். அண்ணாச்சி 1992ல 95,000க்கு வாங்கினார். மாமா 1993ல மதுரை புரோக்கர் ஒருத்தர் மூலமா 85,000க்கு. தீபாவளி வசூல் வந்ததும் கார் வாங்குறது எங்க ஊர் வழக்கம்.

ரெண்டும் எங்கேருந்து வந்துச்சு?

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. அதுவரைக்கும் நாட்டுல கார்னா அம்பாஸடர், பத்மினி, அவ்வளவுதான். மாருதி வந்ததும் பழைய கம்பெனிகளுக்கு உதறல். சின்னக் கார்ல மோத முடியாது, சரி பெரிய கார் விடுவோம்னு முடிவு பண்ணாங்க. புதுசா டிசைன் பண்ண காசும் இல்லை, காலமும் இல்லை. சீமையில கைவிட்ட, கைவிடப்போற மாடல்களைப் பார்த்துக் கொண்டு வந்தாங்க.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கிலாந்தோட வாக்ஸ்ஹால் விக்டர், வி.எக்ஸ். வரிசையை எடுத்துக்கிச்சு. அந்தக் கார் அங்கே 1978லயே நின்னு போச்சு. அதை வங்காளத்துல உத்தரபாராவில செஞ்சு, 1984ல கான்டெஸான்னு பேர் வெச்சு விட்டாங்க. பம்பாய் பிரீமியர் கம்பெனி பழைய ஃபியட் 124ஐ 118 என்.ஈ.ன்னு கொண்டு வந்துச்சு.

நம்ம மெட்ராஸ்காரங்க சும்மா இருப்பாங்களா? 1948ல ஆரம்பிச்ச ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், பெருங்களத்தூர்ல ஹெரால்ட், கஸல்னு கார் செஞ்சு விட்டுட்டு, எழுபதுகளோட கடைசியில கார் தயாரிப்பையே நிறுத்தியிருந்துச்சு. அவங்க 1985ல திரும்பி வந்தது ஸ்டாண்டர்ட் 2000ஓட. அதே வருஷம்தான் ராமநாதபுரத்தைப் பிரிச்சு எங்க ஊருக்குக் காமராஜர் மாவட்டம்னு பேர் வெச்சாங்க (விருதுநகர் மாவட்டம்னு ஆனது 1997ல).

ஸ்டாண்டர்ட் 2000ஓட உடம்பு ரோவர் எஸ்.டி.1. 1976ல இங்கிலாந்துல வந்த கார், 1977ல ஐரோப்பாவின் சிறந்த கார்னு பரிசு வாங்கினது. அதை வரைஞ்ச டேவிட் பாஷ், ஃபெராரி டேடோனாவோட சாயலை மனசுல வெச்சுத்தான் வரைஞ்சார். நீளமான மூக்கு, சரிஞ்சு இறங்குற முதுகு. எங்க தெருவுல நின்னது ஒரு ஃபெராரி முகம்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. மாமா பின்சீட்டை மடக்கிப்போட்டு, பின்கதவைத் தூக்கி, ஆர்ட் பேப்பர் பண்டலும் காலண்டர் சாம்பிளும் ஏத்துவார். ஃபெராரி முகத்துக்கு வந்த வாழ்வு!

இதயம்தான் விஷயம்

உடம்பு மட்டும்தான் புதுசு. இன்ஜின் ரெண்டுக்குமே அரதப்பழசு. இங்கேதான் எனக்குப் பிடிச்ச கதை வருது.

ரோவருக்கு இங்கிலாந்துல மூணரை லிட்டர் வி8 இன்ஜின். நம்மாளுங்க அதுக்குள்ள வெச்சது 1991 சிசி நாலு சிலிண்டர், 83 குதிரைசக்தி. இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட வந்த ஸ்டாண்டர்ட் வேன்கார்டு இன்ஜின் குடும்பம் அது. ஃபெர்குசன் டிராக்டர்ல ஓடினதும் அதே குடும்பம்தான். இதைக் கேள்விப்பட்டு அண்ணாச்சி, "என்னய்யா, உழவு ஓட்டுற வண்டியா?"ன்னு மாமாவைக் கிண்டல் பண்ணியிருக்கார்.

ஆனா அதே குடும்பத்து இன்ஜின்தான் 1953ல வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2லயும் இருந்துச்சு. கூரை இல்லாத ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். அதுக்கும் 1991 சிசிதான். ரெட்டை கார்புரேட்டரோட 90 குதிரை. மணிக்கு நூறு மைலைத் தாண்டிச்சு.

சரி, கிண்டல் பண்ண அண்ணாச்சியோட கான்டெஸால என்ன இருந்துச்சு? அம்பாஸடரோட அதே 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரை. இது இங்கிலாந்து பி.எம்.சி.யோட பி சீரிஸ். அம்பாஸடருக்கு வர்றதுக்கு முன்னாடி, 1955ல இதே 1489 சிசி இன்ஜின் எம்.ஜி.ஏ.ங்கிற ஸ்போர்ட்ஸ் கார்ல ஓடிக்கிட்டிருந்துச்சு.

டி.ஆரும் எம்.ஜி.யும் ஐம்பதுகள்ல பரம எதிரிகள். கடைகள்ல, ரேஸ்கள்ல, அமெரிக்கா போற கப்பல்கள்ல எல்லாம் போட்டி. முப்பது நாப்பது வருஷம் கழிச்சு, அந்த ரெண்டு இன்ஜினும் வேற வேற உடம்புக்குள்ள புகுந்து, சிவகாசியில எதிரெதிர் வீட்டுல நின்னிருக்கு. மாமாவுக்கும் அண்ணாச்சிக்கும் இது தெரியாது. எனக்கே ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

ஓட்டுறதுல எது சுகம்?

ரெண்டையும் ஓட்டியிருக்கேன், அதனால தைரியமா சொல்றேன்.

கான்டெஸா ஒரு ஊஞ்சல். அகல சோபா மாதிரி சீட்டு, பள்ளத்தையெல்லாம் விழுங்கிடும் சஸ்பென்ஷன், ஒரு குடும்பமே படுக்குற டிக்கி. ஆனா அவ்வளவு பெரிய உடம்புக்கு 50 குதிரை பத்தாது. முன்னாடி போற லாரியைத் தாண்டணும்னா மனசுக்குள்ள ஒரு சாமி கும்பிட்டுத்தான் இறங்கணும். இந்தக் குறை தெரிஞ்சுதான் எண்பதுகளோட பிற்பாதியில 88 குதிரை இசுசூ 1.8 இன்ஜினும் அஞ்சு கியரும் போட்டு கான்டெஸா கிளாசிக் விட்டாங்க. அது வேற ரகம். அண்ணாச்சியோடது பழைய 1.5.

ஸ்டாண்டர்ட் 2000ல உக்காந்தா உலகமே வேற. சீட்டு தாழ்வா இருக்கும். கண்ணுக்கு முன்னாடி நீண்ட பானட். டேஷ்போர்டு மேல மீட்டர் பெட்டி தனியா எடுத்து வெச்ச மாதிரி இருக்கும். ரோவர் டிசைன்ல அதை இடப்பக்கமும் வைக்கலாம், வலப்பக்கமும் வைக்கலாம், எந்த நாட்டுக்கும் ஒரே டேஷ்போர்டு. நாலே கியர்தான். ஆனா டாப் கியர்ல நாப்பதுல போய்க்கிட்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதிச்சா, ஒரு உறுமல் உறுமிட்டு அப்படியே இழுக்கும் பாருங்க! டிராக்டர் சொந்தம்னு சொன்னேன்ல, அந்த இழுவை. சாத்தூர் ரோட்டுல ஆர்.ஆர். நகர் தாண்டினதும் மாமா ஒரு தடவை நூத்துப்பத்து தொட்டார். நான் பக்கத்து சீட்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ராத்திரி தூங்கலை.

ஓட்டுற சுகத்துக்கு மார்க் போட்டா மாமா காருக்கு 9, அண்ணாச்சி காருக்கு 5. உக்காந்து போற சுகத்துக்கு அப்படியே திருப்பிப் போட்டுக்கங்க.

1998, பங்குனி

இப்ப பாவமன்னிப்பு.

காலேஜ்ல ரெண்டாம் வருஷம். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கெளம்பினோம். மாமாவுக்கு ஆபீஸ்ல வேலை. "மாப்ள, நீயே எடுத்துட்டுப் போ. சூட்டு முள்ளுல ஒரு கண்ணு வெச்சுக்க"ன்னு சாவியைக் கொடுத்தார். வண்டியில அத்தை, சின்னப்பசங்க, நான்.

திருத்தங்கல் தாண்டும்போதே முள்ளு ஏற ஆரம்பிச்சிருச்சு. பார்த்தேன். பார்க்காம இல்லை. ஆனா ரோடு காலி, வண்டி இழுக்குது, பத்தொம்பது வயசு. ஆமத்தூர்ல நிறுத்தித் தண்ணி ஊத்தலாம்னு நெனச்சேன், ஆமத்தூர் வந்ததும் விருதுநகர்லயே பார்த்துக்கலாம்னு போயிட்டேன். ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே பானட்டுக்குள்ளருந்து வெள்ளைப் புகை. இன்ஜின் ஆஃப். ரேடியேட்டர் ஹோஸ்ல ஒரு சின்ன வெடிப்பு, தண்ணி பூராவும் ரோட்டுல. தப்பு காரோடது இல்லை, நூத்துக்கு நூறு என்னோடது.

பிரிச்சுப் பார்த்தா ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கு. இந்த இன்ஜினோட அமைப்பு அப்படி. சிலிண்டர் லைனர் தனித்தனியா கழட்டுற மாதிரி இருக்கும், அதைச் சுத்தி நேரா தண்ணி நிக்கும். நல்ல ஏற்பாடுதான். தேஞ்சு போனா போரிங் பண்ண வேண்டாம், லைனரை மட்டும் மாத்திக்கலாம். ஆனா லைனருக்கு அடியில எட்டு வடிவத்துல மெல்லிசா ஒரு கேஸ்கட் உண்டு. அது போச்சுன்னா தண்ணி ஆயில்ல இறங்கிடும். ஹெட்டைக் கழட்டினப்புறம் லைனர் இம்மி அசைஞ்சாலும் அது போயிரும்.

ரெண்டு எட்டு. அவ்வளவுதான் தேவை. உள்ளங்கையில அடங்கிடும். அதுக்காக மாமா மதுரை, கோவை, மெட்ராஸ்னு அலைஞ்சார். 1988லயே அந்தக் கார் தயாரிப்பு நின்னு போச்சு. பத்து வருஷமா செய்யாத காருக்கு யார் கேஸ்கட் ஸ்டாக் வைப்பா? ஏழு மாசம் கழிச்சு, மெட்ராஸ் புதுப்பேட்டையில பழைய இன்ஜின் ஒண்ணைப் பிரிச்சு எடுத்தது கெடைச்சது. போட்டு ஓட்டினார். ஆனா பழைய உறுமல் வரலை. அதுக்கப்புறம் ஓடின நாளைவிட நின்ன நாள்தான் அதிகம். 2003ல ஷெட்டுக்குள்ள போனது வெளிய வரலை.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னைக்கு வரைக்கும் வலிக்குது.

இதுல வேடிக்கை என்னன்னா, அடுத்த வருஷமே அண்ணாச்சி கான்டெஸாவும் சாத்தூர்ல இதே மாதிரி சூடாகி ஹெட் கேஸ்கட் போச்சு. டாக்ஸி ஸ்டாண்டு பக்கத்துல இருந்த கடையில அம்பாஸடர் கேஸ்கட் ஒண்ணு வாங்கி, அங்கேயே ஒரு மெக்கானிக்கைப் பிடிச்சு, மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டார்.

கணக்கு நோட்டு

மாமா அச்சாபீஸ்காரர், எல்லாத்துக்கும் நோட்டு உண்டு. அண்ணாச்சியும் அப்படியே. ரெண்டு வீட்டுலயும் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். ரெண்டுமே பத்து பத்து வருஷக் கணக்கு, பெட்ரோல் சேர்க்காம.

கான்டெஸா: வாங்கினது 95,000. ரிப்பேர், உதிரிபாகம் 62,000. 2002ல வித்தது 55,000. நிகரச் செலவு 1,02,000. வருஷத்துக்கு 10,200.

ஸ்டாண்டர்ட் 2000: வாங்கினது 85,000. ரிப்பேர், உதிரிபாகம் 1,10,000. விக்கவே இல்லை. மொத்தம் 1,95,000. வருஷத்துக்கு 19,500.

பத்தாயிரம் கம்மி விலைக்கு வாங்கின காருக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு செலவு!

"மைலேஜ்தான் தின்னிருக்கும்"னு ஒருத்தர் சொன்னார். இல்லைங்க. எங்க கைக்கு கான்டெஸா லிட்டருக்கு 10, மாமா கார் 8 கொடுத்துச்சு. வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர்னா 600 லிட்டர், 750 லிட்டர். வித்தியாசம் 150 லிட்டர். அன்னைக்கு லிட்டர் 25 ரூபான்னு வெச்சாலும் 3,750தான். மத்த செலவு வித்தியாசம் 9,300. காரைத் தின்னது பெட்ரோல் இல்லை, உதிரிபாகம்.

இதுல பெரிய கொடுமை, இந்தப் பாடம் மாமாவுக்கு முன்னாடியே தெரியும். சிவகாசியில தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடிக்கத்தான் அச்சுத்தொழில் வளர்ந்துச்சு. ஜெர்மனியிலேர்ந்து செகண்ட் ஹேண்ட் ஆஃப்செட் மிஷின் இறக்கித்தான் எத்தனையோ பேர் முதலாளி ஆனாங்க. மாமா அடிக்கடி சொல்வார்: "மிஷின் என்ன விலைன்னு கேக்காத மாப்ள. அதே மிஷின் இந்த ஊர்ல எத்தனை ஓடுதுன்னு கேளு." பத்து பேர்ட்ட இருந்தா ரிப்பேர் பார்க்க ஆள் இருப்பான், உதிரி இருக்கும், விக்கவும் முடியும். ஒருத்தர்ட்ட மட்டும் இருந்தா அது மிஷின் இல்லை, வெறும் இரும்பு.

கான்டெஸாவுக்குப் பின்னாடி நாடு முழுக்க லட்சக்கணக்குல அம்பாஸடர் ஓடிச்சு. கான்டெஸா 2002லயும் அம்பாஸடர் 2014லயும் நின்னப்புறமும் அந்தப் பலம் முழுசா போயிடலை. மாமா கார் மெட்ராஸ்ல செஞ்ச கார், நம்ம ஊர் கார். ஆனா அதுக்குப் பின்னாடி யாரும் இல்லை. 2000கள்ல அந்த ஆலை ஏலத்துக்கு வந்தப்ப மிச்சமிருந்த எஸ்.டி.1 உதிரிபாகங்களைக்கூட ரிம்மர் பிரதர்ஸ்ங்கிற இங்கிலாந்துக் கடைக்காரங்கதான் வாங்கிட்டுப் போனாங்க. பெருங்களத்தூர்ல கெடந்த சாமான் கப்பலேறிடுச்சு!

மெஷினுக்குச் சொன்ன ரூலை மாமா ஏன் காருக்குப் பார்க்கலை? ஒரு தடவை கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, "மிஷின் சோறு போடுறதுக்கு மாப்ள. இது எனக்கு"ன்னார்.

இன்னைக்கு ஓட்டணும்னா?

மச்சினன் கேட்டதும் முதல்ல எனக்கு வந்த ஆசை, நாமளே சரி பண்ணி ஓட்டுனா என்னங்கிறதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இன்ஜின் சமாளிக்கலாம். டி.ஆர். கார்களுக்கு இங்கிலாந்துல இன்னைக்கும் ரசிகர்கள் அதிகம், அந்தக் குடும்பத்து இன்ஜினுக்கு உதிரிபாகம் புதுசாவே செய்யறாங்க. 1998ல ஊர் ஊரா அலைஞ்ச அந்த எட்டு கேஸ்கட்டை, அளவு மட்டும் சரிபார்த்துக்கிட்டா, வீட்டுல உக்காந்தே வரவழைக்க முடியும்னு தோணுது. கூடவே எரிபொருள் ஹோஸ், ரப்பர் எல்லாம் மாத்தணும். இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிச்சிடும். 2000த்துல ஈயம் கலந்த பெட்ரோல் நின்னு போனதால வால்வு சீட்டையும் கவனிக்கணும்.

பேப்பர்தான் பெரிய தொல்லை. ஆர்.சி. 2001லயே 15 வருஷம் முடிஞ்சு, ஒரு தடவை புதுப்பிச்சதோட சரி. அப்புறம் யாரும் தொடலை. 20 வருஷத்துக்கு மேல ஆன கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025ல 10,000 ஆயிடுச்சு. அதுபோக எஃப்.சி., பசுமை வரி, விட்டுப்போன வருஷங்களுக்கு அபராதம். பாரம்பரிய வாகனம்னு பதியலாமான்னா, 2021 விதிப்படி 50 வயசு ஆகணும். 2036 வரைக்கும் காத்திருக்கணும். எல்லாத்துக்கும் மேல, இருபது வருஷத்துக்கு மேல ஷெட்ல நின்னதுல தரைத் தகடு பூரா துரு.

ஆசை வேற, கணக்கு வேற.

ஞாயித்துக்கெழமை

கேட்டு விசாரிச்சதுல கோயம்புத்தூர்ல ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சுது. அவர்ட்டயும் ஒரு ஸ்டாண்டர்ட் 2000. பேப்பரெல்லாம் உயிரோட இருக்கு, உடம்பு துரு இல்லாம நல்லா இருக்கு. ஆனா முன்கண்ணாடி இல்லை, பின்விளக்கு இல்லை, டேஷ்போர்டு வெடிச்சுப் போச்சு, இன்ஜின்ல பிளாக்கே உடைஞ்சிருக்கு. எங்ககிட்ட என்ன இல்லையோ அது அவர்ட்ட இருக்கு. அவர்ட்ட இல்லாதது பூரா எங்க ஷெட்ல.

நேர்ல வந்தார். அரைமணி நேரம் டார்ச் அடிச்சுப் பார்த்தார். இரும்புக்கடைக்காரர் சொன்னதைவிட அஞ்சாயிரம்தான் அதிகம் கொடுக்க முடியும்னார். "ஆனா ஒரு போல்ட்டைக்கூட வீணடிக்க மாட்டேங்க, இது இல்லைன்னா என் வண்டி எந்திரிக்காது"ன்னார்.

ஒரு எட்டு கேஸ்கட்டுக்காக ஏழு மாசம் அலைஞ்ச மனுஷனோட கார், இன்னொரு காருக்கு உதிரிபாகமா போறது. மாமா இருந்திருந்தா இதுக்குத்தான் ஒத்துக்கிட்டிருப்பார்னு எனக்குத் தோணுச்சு. மச்சினன்ட்ட சொன்னேன். அத்தைகிட்ட போனைக் கொடுத்தான். "ஓடட்டும்பா. யார் வீட்டுலயாவது ஓடட்டும்"னாங்க.

லாரியில ஏத்தும்போது நானும் போயிருந்தேன். தொண்ணூறு வயசை நெருங்குற அண்ணாச்சி எதிர்வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்துட்டார். கயிறு கட்டி முடிச்சதும், "உழவு வண்டி போகுதாக்கும்"னார். அவர் குரல் கொஞ்சம் உடைஞ்சிருந்துச்சு.

செகண்ட் ஹேண்ட்ல வித்தியாசமான கார் வாங்கப் போறவங்களுக்கு மாமா வார்த்தையையே சொல்லிடறேன். விலையைக் கேக்காதீங்க, எத்தனை ஓடுதுன்னு கேளுங்க. கணக்குப் பார்த்தா கான்டெஸாதான். இதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனா திரும்ப பத்தொம்பது வயசு வந்து, ஏதாவது ஒரு சாவியை எடுத்துக்கோன்னு யாராவது நீட்டினா, மாமா கார் சாவியைத்தான் எடுப்பேன். ஆமத்தூர்ல நிறுத்தித் தண்ணி ஊத்துவேன்.

டிஸ்கி: கணக்கு நோட்டை மட்டும் நான் எடுத்துட்டு வந்துட்டேன். கடைசிப் பக்கத்துல, 1998 ஏப்ரல் தேதி போட்டு, "கேஸ்கட் - விசாரிக்கணும்"னு மட்டும் எழுதியிருக்கார். யாரால போச்சுன்னு எழுதலை.